"அகதிகளே" என்று அழைத்தேன்

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் எங்கள் திருவண்ணாமலை ரயிலடியில் மூட்டைகளோடு இறங்கியபோதுதான் எனக்கு அந்த எண்ணம் உதித்தது. சுவிசேஷம் சொல்ல நாம் கடல் கடக்க வேண்டாம். கடலே ஜனங்களைக் கொண்டுவந்து விட்டதே!

மறுநாளே சுவிசேஷக் கைப்பிரதிகளோடு, அவர்கள் குடிசை போட்டிருந்த ஏரிக்கரைக்கு ஓடினேன். "அன்பான அகதிகளே!" என்று ஆரம்பித்தேன். அடுப்போடு மல்லாடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார்.

"யாருடா அகதி? எங்கப்பன் பொறந்தது கீழ்பென்னாத்தூரு. நீ எந்த ஊருடா?"

"அம்மா, இயேசு உங்களை..."

"ரங்கூன்ல கடைய, நகைய, எல்லாத்தையும் புடுங்கிக்கினாங்க. மடியில கட்டிக்கினு வந்தது எங்க முருகன் படம் ஒண்ணுதான். அதையும் புடுங்க வந்துட்டியா?"

ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "படிச்ச தொரை, வந்த வழியே போயிடுங்க" என்றார் ஒருவர். அம்மாள் என் கைப்பிரதிகளைப் பிடுங்கி அடுப்பில் செருகினார். ஈர விறகு அப்போதுதான் பற்றியது.

இனி அங்கே போகாதே என்கிறார் எங்கள் போதகர். நான் போவேன். இப்போது யாரையும் அகதி என்பதில்லை. முதலில் சொந்த ஊரைக் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் கீழ்பென்னாத்தூர் போய் அந்த அம்மாளின் உறவினரைத் தேடப் போகிறேன். ஆனால் அவருடைய அப்பா பெயர் எனக்குத் தெரியாது. அதைக் கேட்க, நாளை மறுபடியும் அந்த அடுப்பின் முன்னால் போய் நிற்க வேண்டும்.