துடக்கு வீட்டில் எழுதிய பட விமர்சனம்

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலு பத்துக்கு என் கைபேசி அடித்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, இன்றைக்காவது அரை மணி நேரம் சாய்வோம் என்று மணிக்கூட்டைப் பார்த்த நேரம் அது. அந்தத் தேநீரை நான் குடிக்கவேயில்லை.

எங்கள் வீடு காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஒழுங்கையின் மற்றப் பக்கம் என் கணவரின் அண்ணர் வீடு. அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு கிழமை முன், காலையில் மயிலிட்டி மீன் துறைக்குப் போய்த் திரும்பும்போது, எங்கள் சந்தியில் ஒரு சின்ன லொறி அவருடைய மோட்டார் சைக்கிளில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. அண்ணரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் வீட்டு வாசல் படலையைத் தாண்டுவதே இல்லை. வருகிற ஒவ்வொருவரையும், “அவர் கடைசியா ஏதும் சொன்னவரோ?” என்று கேட்டபடி இருந்தார். சிலர் “உங்கடை பேரைத்தான் சொன்னவராம்” என்பார்கள். அக்கா அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரியும். என் கணவர் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு வவுனியாவுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். அலுவலகம், இரண்டு வீட்டுச் சமையல், துக்கம் விசாரிக்க வருபவர்கள் என்று நான் நின்றபடியே தூங்கும் நிலையில் இருந்தேன்.

அழைத்தது கனடாவிலிருக்கும் என் கணவரின் தங்கை.

“மச்சாள், உங்கடை மகள் செத்தவீட்டுக்குள்ளை தியேட்டர் நடத்திறாளாம், தெரியுமோ?”

“என்ன கதை இது?”

“குடும்பக் குறூப்பைத் திறந்து பாருங்கோ. அண்ணையின்ரை சாம்பல் இன்னும் கீரிமலைக் கடலுக்குப் போகேல்லை. உவள் வெட்டுக்குத்துப் படத்துக்குப் புள்ளி போட்டுக்கொண்டு இருக்கிறாள். கராட்டி பழக்கேக்கையே சொன்னனான், கேட்டனீங்களோ?”

திறந்து பார்த்தேன். படம் பார்ப்பவர்கள் கருத்து எழுதும் ஒரு முகநூல் பக்கத்திலிருந்து யாரோ திரையைப் பிடித்துப் போட்ட படம். மேலே என் மகளின் பெயர். கீழே மூன்று வரி. ‘இந்த இந்தோனேசியச் சண்டைப் படத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். இதில் இரத்தம் சரியாக ஓடுகிறது. ஐந்துக்கு ஐந்து.’ அதற்குக் கீழே லண்டன், பாரிஸ், கொழும்பு என்று ஆளுக்கொரு வசை. அக்காவும் அந்தக் குறூப்பில் இருக்கிறார். 

மகளுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறாள். அறையில் படுத்துக் கிடந்தவள் முன்னால் கைபேசியை நீட்டினேன்.

“அழி உதை.”

“முழுக்க வாசிச்சனீங்களோ அம்மா?”

“வாசிக்க என்ன கிடக்கு? உலகமே வாசிச்சுப்போட்டுது. பெரியம்மாவின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் குசினி அடுப்படிக்குத் திரும்பினேன். அதற்குள் பாரிஸிலிருந்து ஒரு அழைப்பு, பிறகு என் கணவர், பிறகு மறுபடி கனடா. எல்லாருக்கும் பதில் சொல்லி முடித்து அறைக்குப் போனால் கட்டில் வெறுமையாக இருந்தது. கைபேசி தலையணையில். செருப்பு வாசலில்.

செருப்பில்லாமல் எங்கே போவாள்?

நான் முதலில் ஓடியது கிணற்றடிக்கு. கிணற்றுக்கட்டைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் என் தலைதான் தெரிந்தது. பின் வளவு, குளியலறை, ஒழுங்கை முடிவுவரை பார்த்தேன். அவளுடைய சிநேகிதி இருவரை அழைத்தேன். வரவில்லை என்றார்கள். அக்கா வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. இப்படி ஒரு அவமானத்துக்குப் பிறகு அவள் அங்கே போவாள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. உண்மையில் எனக்கே அந்தப் படலையைத் திறக்க முகமில்லை.

அவள் வேறு யாரோடு பழகுகிறாள் என்று தெரிந்தால் தேடலாம் என நினைத்து, கிணற்றுக்கட்டில் இருந்தபடி அந்த முகநூல் பக்கத்துக்குள் போனேன். எல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான்.

‘கதை எண்டு ஒண்டும் இல்லை. ஆனா அடி எண்டா இதுதான் அடி.’

‘பிரியாணி சாப்பிட்டபடி பாத்தன். பாதியிலை மூடி வச்சிட்டன்.’

‘எதை, படத்தையோ பிரியாணியையோ?’

‘ரெண்டையும்.’

‘எங்கடை ஹீரோ ஒரு அடியிலை இருபது பேரை விழுத்துவார். இவங்கள் ஒருத்தனை விழுத்த இருபது அடி அடிக்கிறாங்கள். பாக்கிற எனக்குக் களைச்சுப்போச்சு.’

ஒரு தகப்பன் எழுதியிருந்தார்: ‘உதுகளைப் பாத்து வளருற பிள்ளையள் நாளைக்குச் சந்தியிலை வாளோடை நிக்கும்.’ நான் மனதுக்குள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அதற்குக் கீழே மகளுடையது. மூன்று வரியோடு நின்று, ‘மேலும் வாசிக்க’ என்று இருந்தது. தொட்டேன். அது நீண்டுகொண்டே போனது.

‘சண்டையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். நான் விழுந்து கிடப்பவர்களைப் பற்றி எழுதுகிறேன். இதில் ஒருவன் தன் நண்பனின் காயத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கிறான். விரல்களுக்கு நடுவே இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அப்படித்தான் வரும். எவ்வளவு அமத்தினாலும் வரும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டாம் தரம் பார்த்தேன். எங்கள் படங்களில் சாகிறவர்கள் நீளமாகக் கதைப்பார்கள். இதில் அவர்களுக்கு மூச்சு விடவே நேரம் போதாது. அதுவும் உண்மை. என் மடியில் தலை வைத்துக் கிடந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மீன் பை அறுந்துபோச்சோ பிள்ளை? இல்லை என்றேன். மீன் எல்லாம் தார் வீதியில் சிதறிக் கிடந்தது.’

நான் அதை மறுபடி வாசித்தேன். பிறகு வாசிக்க முடியவில்லை.

விபத்து நடந்த காலை அவள் சைக்கிளில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். “ஆக்கள் கூடி நிண்டவை, அம்புலன்ஸ் வந்தது” என்றுதான் என்னிடம் சொன்னாள். கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருப்பாள் என்று நினைத்தேன். தன் உடுப்பை அன்றைக்குத் தானே கிணற்றடியில் தோய்த்துப் போட்டாள். செத்தவீட்டு அமளியில், பிள்ளை பொறுப்பாக இருக்கிறாள் என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, அவள் இதை என்னிடம் சொல்ல வழியில்லாமல், முகம் தெரியாத படப்பிரியர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அதற்குமேல் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றுக்கட்டிலேயே இருந்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கைபேசி விடாமல் அடித்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

மாதங்கள் கடந்துவிட்டன. இன்றும் அவள் அறை வெறுமையாக இருந்தால் என் கண் முதலில் கிணற்றடிக்குத்தான் போகிறது. இந்தப் பயம் இனி என்னோடுதான் இருக்கும் போல. ஆனால் ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்ல முடியாததை எந்த மூலையில் போய்ச் சொன்னாலும், அது போய்ச் சேர வேண்டிய ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற நம்பிக்கையும் அன்று மாலை எனக்குக் கிடைத்தது.

ஏனென்றால் அப்போது படலைச் சத்தம் கேட்டது. அந்தியேட்டி முடியாமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாத அக்கா, ஒழுங்கையைக் கடந்து வந்து நின்றார். வெறுங்காலோடு நின்ற என் மகளின் கையை இறுகப் பிடித்திருந்தார். மன்னிப்புக் கேட்க அவளாகவே அங்கே போயிருக்கிறாள். புருஷனை இழந்தவள் முப்பத்தொன்று முடியுமுன் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அக்கா படலைக்கு வெளியேயே நின்றார். நான் எழுந்து ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மகளின் கையைத் தடவியபடி சொன்னார்:

“இவளை ஒருத்தரும் ஏசக் கூடாது, சொல்லிப்போட்டன். நான் அந்தப் பக்கத்துக்குப் போய் முழுக்க வாசிச்சனான். அண்டைக்குக் காலமை அவரோடை சண்டை பிடிச்சு, இனிக் கதைக்க வராதேங்கோ எண்டுதான் அனுப்பினனான். கோவத்தோடைதான் போயிட்டார் எண்டு இவ்வளவு நாளும் வெந்துகொண்டு கிடந்தன். அவர் மீனைக் கேட்டிருக்கிறார், பாத்தியோ? இவளைக் கேட்டன், விளைமீனாம். அது எனக்குத்தான் விருப்பம். அவர் அதை வாயிலையும் வைக்கமாட்டார்.”