மலை இல்லாத படம்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு படித்தவர்களுக்கும் வணக்கம். வீட்டில் நான் அக்காவை "வா, போ" என்றுதான் பேசுவேன். இந்த நினைவு மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் "அவர்", "சொன்னார்" என்று எழுதுகிறேன். அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அக்கா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில்தான். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அக்கா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சில வருடம் நின்றார். நின்றார் என்றால் நின்றார்தான், உட்கார விடமாட்டார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கிய நேரத்தில், பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஆகப்போகிறேன் என்றார். அப்பாவுக்குப் புரியவே இல்லை.

"படம் போடுறதுக்கெல்லாமா காலேஜு? சின்னப்புள்ளைங்க வேலைம்மா அது."

"சின்னப்புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கத்தாம்பா படிக்கப்போறேன்."

அக்கா தஞ்சாவூரில் விடுதியில் சேர்ந்தார்.

முதல் வருடம் பேராசிரியர் ஒருவர், அவரவர் ஊரை நினைவிலிருந்து வரையச் சொல்லியிருக்கிறார். அக்கா மளமளவென்று போட்டுக் கொடுத்தார். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஒரு குடிசை, இரண்டு தென்னை. நாம் எல்லோரும் ஒன்றாம் வகுப்பில் போட்ட அதே படம்தான். பேராசிரியர் பார்த்துவிட்டு, "ஏம்மா, திருத்துறைப்பூண்டியில எந்தப் பக்கம் மலை இருக்கு?" என்று கேட்டாராம். வகுப்பே சிரித்திருக்கிறது.

அந்த வாரம் ஊருக்கு வந்த அக்கா இதைச் சொல்லி முதலில் சிரித்தார். பிறகு வாசலுக்குப் போய் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறந்ததிலேர்ந்து இந்த ஊரப் பாக்குறேன். ஒரு தடவகூட பாக்கலைடி நான்" என்றார்.

அன்றிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிடுவார். நம் ஊரில் வரைய என்ன இருக்கிறது? மேலே வானம், கீழே வயல், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத்தான் பென்சிலால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் கேலி செய்திருக்கிறேன். மலை போட்டால்தான் படம் மாதிரி இருக்கும் என்று சண்டையும் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் போய் எல்லாப் பிள்ளைகளையும் வாசலுக்குக் கூட்டிவந்து இதைப் பார்க்க வைக்க வேண்டும், ஒரு வகுப்பாவது அப்படி நடத்த வேண்டும் என்பதே அக்காவின் பேச்சாக இருந்தது.

மூன்றாம் வருடம் கால் வீங்க ஆரம்பித்தது. நிற்கிற வேலை பார்த்த கால்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு டயாலிசிஸ். போட்டு வந்த அன்று அக்கா முகம் சாம்பல் பூத்துக் கிடக்கும். சோறு கொஞ்சம், தண்ணீர் அதைவிடக் கொஞ்சம். எல்லோரும் படிப்பை நிறுத்தச் சொன்னோம்.

"படிப்பு எங்க போவப் போவுது? ஒடம்பு தேறட்டும்" என்றார் அப்பா.

"படிப்பு போவாதுப்பா. நாந்தான் போவேன்."

சொன்னது அக்காதான். சொல்லிவிட்டு அம்மா அழுவதைப் பார்த்து, சும்மா சொன்னேன் என்றார்.

கடைசி வருடம் படிப்பின் பகுதியாகப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இடம் கிடைத்தது. தனியாகப் பஸ் ஏற முடியாது என்பதால், நான் வேலை பார்க்கும் உரக்கடையில் சொல்லிவிட்டுக் கூடப் போனேன். ஆறாம் வகுப்பு. உங்கள் ஊரை வரையுங்கள் என்றார் அக்கா. அத்தனை பிள்ளைகளும் தலையைக் குனிந்து மலை போட்டார்கள். அக்கா திட்டவில்லை. எல்லோரையும் எழுப்பிப் பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போனார். சம்பா நடவு முடிந்து வயல் தண்ணீரும் பச்சையுமாகக் கிடந்தது.

ஒரு பெண்பிள்ளை நன்றாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், இங்க ஒண்ணுமே இல்லையே டீச்சர்" என்றது.

"ஆமா. அதைத்தான் வரையணும்" என்றார் அக்கா.

திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "டீச்சர்னு கூப்புட்டாங்கடி, கேட்டியா?" என்றார். கேட்டது என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

அந்தப் பள்ளிக்கு அதன்பிறகு சில நாள்தான் போக முடிந்தது. கடைசி மாதங்களில் சாயங்காலம் அக்காவைக் கைத்தாங்கலாக வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போவது அப்பாவின் வேலை. குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இதையே எத்தனை தடவைதான் போடுவாய் என்று கேட்பார். "வானம் நெறைய இருக்கணும்பா, கோடு இன்னும் கீழ எறங்கணும்" என்பார் அக்கா. அப்பா தலையாட்டுவார். புரிந்து ஆட்டினாரா, மகள் பேசுகிறாளே என்று ஆட்டினாரா, எங்களுக்குத் தெரியாது.

தேர்வு முடிவு அக்கா போன பிறகு வந்தது. தேறிவிட்டார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

அக்காவைத் தூக்கி இறக்கிய ஆட்டோக்கார அண்ணனுக்கும், டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் அக்காமார்களுக்கும், பாடத்தை எழுதி அனுப்பிய விடுதித் தோழிகளுக்கும், அம்மாவைச் சாப்பிட வைத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வரிசையாக அட்டை காட்டினார்கள். எல்லாவற்றிலும் மலை, அருவி, நடுவில் சூரியன். அக்கா வரைந்ததையே போடலாமே என்று கொடுத்தோம். மெல்லிய பென்சில் கோடு, அச்சில் விழவே இல்லை, வெறும் தாளாக வந்தது. அதனால் அச்சகத் தம்பி மறுபடியும் மலைக்கே போனார்.

"எல்லாரும் இதுதாங்க ஐயா போடுறாங்க. சொர்க்கம் மாதிரி இருக்கும்."

"மலை வேணாம் தம்பி" என்றார் அப்பா. எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். "இந்த எடத்துல ஒரு கோடு போடுங்க. இல்ல, இன்னும் கீழ. வானம் நெறைய இருக்கணும்."

அந்தத் தம்பி போட்டுப் பார்த்தார். "வெறிச்சுன்னு இருக்கேங்க ஐயா."

"வெறிச்சுன்னுதான் தம்பி இருக்கு" என்றார் அப்பா.