எண்ணெய் ஆகாத சிலிண்டர்

கிண்ணியாவில் கடலட்டை பிடிக்க மூழ்குகிறவர்கள் பலர். அதைக் கரையில் நின்று சொல்லத் தெரிந்தவர் லாபிர் ஒருவர்தான். மற்றவர்கள் ஏறிவந்து தலையைத் துவட்டுவதற்குள், இருபது பாகம், அதாவது இருபது ஆள் ஆழத்தில், தான் கண்டதில் பாதியையும் காணாததில் முழுவதையும் அவர் சொல்லி முடித்திருப்பார். நம்மவர் யாரும் வாயில் வைக்காத அந்தப் பிராணியைச் சீனர்கள் ஏன் தின்கிறார்கள் என்பதற்கும் அவரிடம் காரணங்கள் உண்டு. எல்லாம் பெண்கள் இல்லாத இடத்தில் சொல்லவேண்டியவை.

யுத்தநிறுத்தம் என்று பெயர்சூட்டப்பட்ட யுத்தகாலம் அது. கடலடி பார்க்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன், கரையில் நடப்பதைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்புகையில், சின்னச் சிலிண்டர் ஒன்றையும் அதற்குரிய றெகுலேட்டரையும் லாபிரிடம் விட்டுப்போனான். அதில் அடைப்பது காற்று அல்ல, ஒட்சிசன்.

ஆழத்தில் நெடுநேரம் கிடந்தவன் நேரே மேலே வந்தால், உடம்பில் கரைந்த வாயு குமிழியாகி மூட்டுகளில் குந்திக்கொள்ளும். ஜெமீலின் இடது கால் அப்படித்தான் முடமானது. லாபிரோடு மூழ்கிக்கொண்டிருந்தவர், இப்போது லாபிருக்குப் படகோட்டுகிறார். அதனால் மேலே வரும் வழியில் மூன்று பாகத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரித்து நிற்கவேண்டும். அங்கே ஒட்சிசனைச் சுவாசித்தால் அந்த வாயு கெதியாக வெளியேறும். அதையே அடியாழத்தில் சுவாசித்தால் வலிப்பு வந்து ஆளே உலகைவிட்டு வெளியேறுவான். ஆகவே லாபிர் அதற்கு மட்டும் பச்சை பூசினார். கடிக்கும் வாய்த்துண்டைக்கூட வேறு வடிவத்தில் தேடியெடுத்துப் போட்டார். கலங்கல் நீரில் கண் ஏமாந்தாலும் நாக்கு கண்டுபிடிக்கட்டும் என்பது ஏற்பாடு. அவருடைய நாக்கு அதுவரை செய்த ஒரே பயனுள்ள வேலை அதுதான்.

இந்தப் பக்கத்தில் உப்புக்காற்றால் இறுகிய எதற்கும் மருந்து எண்ணெய். பூட்டு, பிணைச்சல், சைக்கிள் சங்கிலி, முழங்கால், எல்லாவற்றுக்கும் அதே போத்தல். ஒட்சிசனுக்கு மட்டும் ஆகாது. அமுக்கி அடைத்த ஒட்சிசன் எண்ணெயைச் சந்தித்தால் தீப்பிடிக்கும். பித்தளையும் சேர்ந்து எரியும். லாபிர் றெகுலேட்டரைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, றப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூட்டுவார். அந்நேரம் வீட்டில் ஒருவரும் அருகே போகக்கூடாது.

“தலைக்கு எண்ணெய் வெச்ச கையோட தொடாத புள்ள!” என்பார் மனைவி றம்ஸியாவிடம்.

“நிக்காஹ் முடிஞ்ச அண்டைக்கும் என்ட கையை இப்பிடிப் பார்க்கல்ல நீங்க. இதையே கலியாணம் முடிச்சிருக்கலாமே?”

“முடிச்சிருப்பன். இது நான் திறந்தாத்தான் வாய் திறக்கும்.”

இப்படியிருக்க, மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. மாலையானதும் எல்லாச் சிலிண்டர்களையும் இறங்குதுறைக் காவலரணில் ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பாஸைக் காட்டிக் காலையில் பெற்றுக்கொள்ளவேண்டும். தண்ணீருக்குக் கீழே மூச்சுவிடத் தெரிந்த எவனும் சந்தேகத்துக்குரியவன். மேலே மூச்சுவிடுகிறவர்கள் மீது ஏற்கெனவே சந்தேகம் இருந்தது.

காவலரணில் இருந்த சிங்களக் கோப்ரல் நல்ல மனிதர். அதுதான் வில்லங்கம். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சிலிண்டரை உதைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்.

முதல் மாலை லாபிர் பச்சைச் சிலிண்டரை, அதன் புகழையும் சேர்த்து, அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் காலை, வரிசையில் நின்றவரைக் கண்டதும் கோப்ரல் சிரித்தபடி, தம்பி என்று தன் மொழியில் அழைத்தார்.

“மல்லி, இங்க வாங்க. உங்க சாமான் ரொம்ப இறுக்கம். நான் துவக்குத் தேல் போட்டது. உள்ளுக்கும் போட்டது. இப்ப பாருங்க!”

துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயில் பச்சைச் சிலிண்டர் கல்யாண மாப்பிள்ளை போல் மினுங்கியது. றெகுலேட்டரையும் அவரே பூட்டியிருந்தார். கை திருகுபிடியில் இருந்தது. முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்.

 லாபிர் சொல்லவேண்டிய சொல் ஒன்றுதான்: வெடிக்கும். காவலரண் வாசலில், ஒரு சிலிண்டரைக் காட்டி, அந்தச் சொல்லைச் சொன்னவன் எவனும் அன்று பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போனதில்லை. ‘நெருப்பு’ அதன் தம்பி. ‘ஆபத்து’ என்றால், ஆபத்தான பொருளை ஏன் கடலுக்குக் கொண்டுபோகிறாய் என்று தொடங்கும். ஊரிலேயே அதிகம் பேசுகிறவருக்கு ஒரு சொல்லும் மிச்சமில்லை.

திருகுபிடி அசைந்தது.

“சேர்! அது பழுது!”

கோப்ரலின் கை நின்றது. “பழுதா? இந்தக் கரையில இத மாதிரி இல்ல எண்டு நேத்து நீங்கதானே சொன்னது?”

“பொய் சொன்னனான் சேர்.”

“பதினெட்டு நாட்டுல தேடினாலும் கிடைக்காது சொன்னது?”

“அதுவும் பொய். உள்ளுக்கு ஒண்டுமில்ல. சும்மா காட்டித் திரியத்தான் வெச்சிருக்கன்.”

வரிசை முழுவதும் சிரித்தது. ஜெமீல் ஒற்றைக்காலில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “லாபிர் காக்கா, அப்ப இருபது பாகம் போறதும் பொய்தானா?”

“ஓம்டா. எல்லாம் பொய்.”

கோப்ரலுக்கு இரக்கம் வந்தது. பழுதான சாமான் கடலுக்குப் போக அனுமதியில்லை என்று சொல்லி அதன் பாஸை ரத்துச் செய்தார். “வீட்டுக்குக் கொண்டு போங்க. பழைய இரும்புக்குப் போகும்.” லாபிர் நன்றி சொல்லி, அதைக் குழந்தையைப்போல் இரு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார்.

வீட்டில் முதலில் வாயுவைத் திறந்துவிடவும் துணியவில்லை. எண்ணெயை வழித்து, பூட்டியதைக் கழற்றி, சவர்க்காரம் கரையும்வரை கழுவினார். சிலிண்டர் பழையபடி ஆகிவிட்டது, பாஸ் ஆகவில்லை. பழுது என்று அதன் சொந்தக்காரனே பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட பொருளை நல்லது என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் துணிவில்லை. ஏறும் வழியில் சுவாசிக்க ஒட்சிசன் இல்லாததால், அதன்பின் லாபிர் எட்டுப் பாகத்துக்குக் கீழே போவதில்லை. அங்கே கிடைப்பது விரல் பருமன் அட்டை. ‘கால் பயம் வந்திட்டுது’ என்கிறார்கள் கரையில், லாபிர் மறுப்பதில்லை. ஜெமீலின் கால் எதிரேதான் நடக்கிறது.

றம்ஸியாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அந்த மனிசன்ட மூஞ்சியைக் காப்பாத்தினது நீங்க. ஒரு தரம் சொல்லுங்களேன் எல்லாருக்கும். இல்லாததெல்லாம் சொன்ன ஆள்தானே?”

“எப்பிடிச் சொல்ற? காவலரண் வாசல்ல விழுங்கின அந்தச் சொல்லு இல்லாம இந்தக் கதையைச் சொல்ல ஏலுமா புள்ள?”

றம்ஸியா யோசித்துப் பார்த்தாள். ஏலாதுதான்.