என் கையில் இல்லாத துடிப்பு

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சென்ற ஆண்டு அந்தக் கைக்கடிகாரத்தை அனுப்பி வைத்தாள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் நடக்கிறேனா இல்லையா என்று மகளுக்குத் தெரிந்தாக வேண்டும். எத்தனை எட்டு வைத்தேன், நாடி எவ்வளவு துடித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்றெல்லாம் அந்தக் கடிகாரம் கணக்கெடுத்து என் கைப்பேசிக்கு அனுப்பும். அங்கிருந்து அவளுடைய கைப்பேசிக்கும் போகும்.

"வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும்ப்பா" என்று சிரித்தாள்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். மாணவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கருவியையும் சரிபார்ப்பதுதான் என் வேலை. மூடிய வெர்னியர் அளவி சுழியத்தில் நிற்காது; ஒரு கோடு தள்ளி நிற்கும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு வெப்பமானிகள் ஒரே தண்ணீரில் ஆளுக்கொன்று சொல்லும். முப்பது ஆண்டுகளாக இதையே பார்த்துப் பார்த்து, எண் காட்டும் எதையும் முதல் பார்வையில் நம்பாதவனாகிவிட்டேன். அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

கடிகாரத்தைக் கட்டிய முதல் நாளே சோதனையைத் தொடங்கினேன். கோச்சடையில் எங்கள் தெருவிலிருந்து ஆற்றோரமாக மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். ஆயிரம் எட்டு ஆனதும் நின்று பார்த்தால் 1112 என்றது. திரும்பும்போது பால் பாக்கெட் இரண்டை அந்தக் கையில் பிடித்துக்கொண்டு கையை வீசாமல் வந்தேன். இப்போது ஆயிரத்துக்கு எழுநூற்றுச் சொச்சம்தான் சொன்னது. அப்புறம் வேலைக்குப் போகப் பைக்கில் ஏறினேன். தேனி ரோட்டைப் பிடிப்பதற்குள் வருகிற பள்ளங்களும் வேகத்தடைகளும் சேர்ந்து, உட்கார்ந்திருந்தவனுக்கு முந்நூறு எட்டு போட்டுக் கொடுத்திருந்தன.

நாடி விஷயம் இதைவிட மோசம். வேகமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 118 என்று காட்டியது. சட்டென்று நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். தொண்ணூறுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகு பிடிபட்டது. நான் நிமிடத்துக்கு வைத்த எட்டுகள் ஏறக்குறைய அதே 118. என் காலை எண்ணிவிட்டு, அதையே நாடி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வறுவலுக்கு வாங்கி வைத்திருந்த வாழைக்காய் ஒன்றை எடுத்து அதில் கடிகாரத்தை இறுக்கிக் கட்டினேன். பின்பக்கத்துப் பச்சை விளக்கு சிறிது நேரம் மினுக்கியது. பிறகு 76 என்று வந்தது.

"இங்க வா, இங்க வந்து பாரு. வாழைக்காய்க்கு நாடி ஓடுது!" என்று கத்தினேன்.

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "நெசமாத்தான். என்னையவிட நிதானமால்ல ஓடுது" என்றாள்.

நான் சிரித்தேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மனைவி சொன்ன வாக்கியம் எனக்கு ஒரு நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது.

அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருடைய அளவு அவளுடைய நோட்டில் இருக்கிறது. அந்த மாதங்களில் அவளிடம் சில மாற்றங்கள் இருந்தன. மார்கழிக் குளிரிலும் மின்விசிறி கேட்டாள். முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் இளைத்துக்கொண்டே போனாள். ஊசியில் நூல் கோக்க இரண்டு மூன்று தடவை முயன்றாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கருவியில் இருக்கும் பிழையைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இது எதுவும் பிழையாகத் தெரியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சொன்னாள்: "ஏங்க, சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க."

"ஒனக்கு நாப்பத்தொம்பது ஆகுதுல்ல? இந்த வயசுல பொம்பளைகளுக்கு அப்பிடித்தான் இருக்கும். காப்பியக் கொறச்சுப் பாரு."

"அந்த வாட்ச்சைக் கொஞ்சம் கட்டி விடுங்களேன், பாப்போம்."

கட்டிவிட்டேன். 121 என்றது.

"பாத்தியா? சும்மா உக்காந்திருக்கிறவளுக்கு நூத்தி இருபத்தொண்ணாம். வாழைக்காய்க்கு நாடி பாத்த வாட்ச்சு. இதப் போயி நம்புவியா?"

நான் கழற்றி வாங்கிக்கொண்டேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து நானே ஒரு நிமிடம் எண்ணியிருக்கலாம். என் கழுத்தில் எண்ணத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

அதன் பிறகு காலை நடைக்கு மட்டும், மகளுக்காக, கடிகாரத்தைக் கட்டினேன். வேலைக்குப் போகும்போது டிவிக்குப் பக்கத்து அலமாரியில் கழற்றி வைத்துவிடுவேன். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால் பகல் பதினொன்றரைக்கு நாடி 124 என்றிருந்தது. இரண்டரைக்கு 119. இடையில் நானூறு எட்டு வேறு. அந்த நேரம் நான் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு லென்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் அலமாரியில் இருந்தது. மறுநாளும் அதே மாதிரி. அதற்கடுத்த நாளும்.

ஜன்னல் வெயில் விழுந்து ஏமாறுகிறதோ என்று பீரோவுக்குள் வைத்தேன். பீரோவுக்குள்ளும் அது நடந்தது.

எனக்குக் கோபத்தைவிட ஒருவிதத் திருப்திதான் இருந்தது. இதுவரை தப்பாக எண்ணுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது கையே இல்லாமல் எண்களை இட்டுக்கட்டுகிறது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மகள் பதறிப்போய் அழைத்தபோதும் அதையே சொன்னேன்.

"ப்பா, பகல்ல ஒங்க ஹார்ட் ரேட் ரொம்ப ஏறுதுப்பா. நெஞ்சு வலி கிலி இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க."

"நான் கையிலயே கட்டல பாப்பா. பீரோக்குள்ள கெடக்கு. அது தன்னால கதை விடுது."

"அது எப்பிடிப்பா தன்னால காட்டும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

கடிகாரத்தை விற்ற நிறுவனத்துக்குத் தேதி, நேரம் எல்லாம் போட்டு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மன்னிப்பெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: குறிப்பிட்ட நேரங்களில் உங்கள் வீட்டில் வேறு யாராவது அதை அணிந்திருக்க வாய்ப்பு உண்டா?

அதை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "திமிரப் பாரு. சாமானத் தப்பாச் செஞ்சுட்டு நம்ம வீட்டு ஆள்மேல பழியப் போடுறான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விடுங்க. அவுகளுக்கு என்ன தெரியும்" என்றாள்.

ஒரு புதன்கிழமை செய்முறைத் தேர்வு சீக்கிரம் முடிந்துவிட்டது. பன்னிரண்டரைக்கே வீடு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். மெஷின் ஊசிக்கடியில் பாதி தைத்த ரவிக்கைக் கை அப்படியே கிடந்தது. சட்டையைக் கழற்றப் பீரோவைத் திறந்தேன். கடிகாரம் இல்லை.

அப்போதுதான் முதல் தடவையாக என் சந்தேகம் கருவியை விட்டு மனிதர் பக்கம் திரும்பியது. வாசலில் குரல் கேட்டது. ரவிக்கை வாங்க வந்த எதிர்வீட்டுப் பெண்.

"அண்ணே, அக்கா இல்லியா? போன பொதங்கிழமையும் இந்நேரம் பூட்டித்தான் கெடந்துச்சு."

போன புதன்கிழமை அவள் வெளியே போனதாக என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கே போகிறாள்? ஏன் சொல்லவில்லை? என் கடிகாரம் அவளுக்கு எதற்கு? அந்த அரை மணி நேரத்தில் நான் நினைத்தவற்றையெல்லாம் இங்கே எழுதும் துணிச்சல் எனக்கில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கூட வாழ்ந்தவளைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்கே தெரியாது.

மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் இதயத்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளது' என்று திரையில் எச்சரிக்கை. அதே சமயம் வாசல் கேட் திறக்கும் சத்தம். அவள் உள்ளே வந்தாள். இடது மணிக்கட்டில் என் கடிகாரம்.

"எங்க போயிட்டு வார?"

"டாக்டர்கிட்ட."

"இதக் கட்டிக்கிட்டா?"

"ஆமா. இம்புட்டு நாளும் பகல்ல கட்டுனது நாந்தான்." சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். "சொன்னா வாழைக்காய்க் கதையச் சொல்லுவீங்க. அதான் சொல்லல."

பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கங்களைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். பக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கடிகாரம் சொன்னது, வலப்பக்கம் அவளே எண்ணியது. 124 என்றால் பக்கத்தில் 122. 119 என்றால் 120. இருபது நாள், தினமும் இரண்டு தடவை.

"எப்பிடி எண்ணுன?"

"அஞ்சு நிமிசம் அசையாம உக்காந்துட்டு, கழுத்துல ரெண்டு வெரல வச்சு, செவுத்துக் கடியாரத்துல முழுசா ஒரு நிமிசம் பாத்தேன். நடக்கும்போது அது தப்பாத்தான் சொல்லுது, அத எழுதல. உக்காந்திருக்கும்போது சரியாத்தான் சொல்லுது."

"அப்ப வாழைக்காய்க்கு?"

"வாழைக்காய்ல எதுவும் ஓடலைங்க. அதுனால அது வாய்க்கு வந்ததச் சொல்லிருச்சு. என் கையில ஓடுதுல்ல?"

நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது. எந்த நிலையில் கருவி பொய் சொல்கிறது, எந்த நிலையில் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பதை முதலாண்டு மாணவனுக்கே நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நானோ பொய் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன்.

போன வாரம் காளவாசல் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போய், கூட்டமாக இருந்ததால் திரும்பி வந்திருக்கிறாள். இன்றைக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த மருத்துவர் அம்மா நோட்டை வாங்கி முழுதும் படித்தாராம். மணிக்கட்டைப் பிடித்துத் தானும் எண்ணினாராம். கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாராம். காகிதம் படபடவென்று ஆடியதாம்.

"கழுத்தத் தடவிப் பாத்தாக. தைராய்டு கூடிப் போயிருக்கும்போலன்னாக. இதயத்துக்கும் ஒரு படம் எடுத்திருக்கு. ரத்தம் குடுத்துட்டு வந்தேன், நாளைக்கு ரிசல்ட்டு."

அப்போதுகூட நான் செய்தது என்ன தெரியுமா? அவள் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, சுவரில் வினாடி முள்ளைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

"எண்ணிக்கங்க" என்று அவள் கையைத் தளர்த்திக் கொடுத்தாள்.

நூற்று இருபத்தாறு. விரலுக்கடியில் அது அவ்வளவு வேகமாக முட்டியது. எண்ணி முடித்த பிறகும் கையை விட எனக்கு மனம் வரவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "அன்னைக்கே சொன்னேனே" என்றாள். அவள் சோறு போட எழுந்தாள். நான் உட்காரச் சொல்லிவிட்டு நானே போட்டேன்.

சாயங்காலம் மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அத்தன தடவ கேட்டேன்லப்பா" என்றாள். பிறகு, "அம்மாகிட்டக் குடுங்க."

தாயும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே போய் நின்றேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். மருத்துவர் சொன்னது சரிதான்; தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இதயம் களைத்துப் போயிருக்கும் என்றார். எவ்வளவு நாளாகப் படபடப்பு என்று கேட்டார். மனைவி என்னைப் பார்க்காமல், "ஒரு மூணு மாசம் இருக்கும்" என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் பெரிதாக மாற்றம் தெரியவில்லை. இரண்டாம் மாதம் நாடி நூறுக்குக் கீழே வந்தது. அப்புறம் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

போன மாதம் மேலூரில் அவளுடைய தங்கை வீட்டில் காதுகுத்து. எனக்குத் தேர்வு வேலை இருந்ததால் அவளை மட்டும் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே நின்றபடி, "மாத்திர எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"எடுத்துக்கிட்டேன்."

"ஒடம்புக்கு எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல நிக்காதீங்க, போங்க."

பேருந்து கிளம்பும் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையிலேயே நன்றாக இருக்கிறாளா, இல்லை என்னை அனுப்பிவைப்பதற்காக அப்படிச் சொல்கிறாளா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மேலூர் போய்ச் சேரும் நேரத்துக்கு அழைத்து இன்னொரு தடவை கேட்டேன்.