பாப்பாயி கழற்றி வைத்த மூடி

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலை ஆபீசைப் பாப்பாயி ஆறு வருடமாகத் தற்காலிகமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டாம், அவளுக்கு முந்தியவள் பதினோரு வருடம் தற்காலிகம். எண்பத்தொன்பதில்தான் ஒரு விடிவு தெரிந்தது. மேனேஜர் இராமலிங்கம் அவளை நிரந்தரமாக்கும் உத்தரவைத் தன் அறைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டார். ஆயுத பூசை கழிந்ததும் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

பிரிண்டர் இருந்தது ஹாலில். மேனேஜர் அறையிலிருந்து ஹால்வரை நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒரே கறுப்புக் கேபிள் கோத்துக்கொண்டு போனது. அதற்கு நெட்வொர்க் என்று பெயர். ஒன்றில் அடித்தது அந்த வழியாகத்தான் இன்னொன்றுக்குப் போகும்.

பூசை என்றால் பாப்பாயி எதையும் விட்டுவைப்பதில்லை. பஞ்சிங் மெஷின், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல் எல்லாம் பளபளவென்று சரஸ்வதி படத்துக்கு முன்னால் வந்துவிடும். கேபிளின் கடைசி முனையில் ஒரு சின்ன உலோக மூடி அழுக்காக இருந்தது. திருகினாள், வந்துவிட்டது. எதையும் மூடாத இந்த மூடி எதற்கு என்று நினைத்துக்கொண்டே புளி போட்டுத் தேய்த்தாள். பொட்டு வைத்துத் தட்டில் சேர்த்தாள்.

மறுநாள் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மறுபூசைக்குச் சூடம் காட்ட வேண்டிய மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். சூடம் காட்டாமல் தட்டில் உள்ளதை யாரும் எடுக்கக் கூடாது. மூடியும் அங்கேயே கிடந்தது. மறுபூசைக்கு முன்னால் சுவிட்சைப் போட்ட குற்றம்தான் இது என்று பாப்பாயி உறுதியாக நம்பினாள்.

"எவன் கை வச்சானோ அவன் இன்னைக்கே வூட்டுக்குப் போயிடலாம்," என்றார் மேனேஜர்.

மத்தியானம் திருச்சியிலிருந்து இன்ஜினியர் அருளானந்தம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கேபிளைத் தடவிக்கொண்டே முனைக்குப் போய் நிமிர்ந்தார்.

"கடைசியில டெர்மினேட்டர் இல்ல சார். கேபிள்ல வர்ற தகவலை அந்த மூடிதான் வாங்கி அடக்கிக்கும். அது இல்லேன்னா தகவல் முட்டித் திரும்பி வந்து, பின்னால வர்றதோட மோதிக்கும். எதுவும் போய்ச் சேராது."

முட்டுச்சந்தில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்ட மாட்டு வண்டிகள் பாப்பாயியின் கண்ணில் தெரிந்தன. வாயைத் திறக்காமல் மூடியை எடுத்துக் குப்பையில் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சாமி தட்டிலிருந்து திருட அவளுக்குக் கை வரவில்லை.

"சார், அது சாமிகிட்ட இருக்குங்க. நான்தான் வச்சேன்."

மேனேஜர் விறைப்பாகப் போய்ச் சூடம் காட்டினார். அருளானந்தம் மூடியிலிருந்த குங்குமத்தை ஊதித் துடைத்துத் திருகினார்.

"ஏதாவது அனுப்பிப் பாருங்க சார்."

காலையிலிருந்து அனுப்ப முடியாமல் எதற்காகக் கத்திக்கொண்டிருந்தாரோ, அதையே மேனேஜர் அனுப்பினார். பிரிண்டர் கரகரவென்று துப்பியது. பாப்பாயியின் உத்தரவு.

அவர் பேனாவைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தார். "கை வச்சவன் வூட்டுக்குப் போகணும்னு சொன்னேன்ல?"

"போறேங்க."

"அஞ்சு மணிக்குப் போ. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடணும்." கையெழுத்துப் போட்டார்.

பாப்பாயி அழுதுவிட்டாள். அடுத்த வருடப் பூசைக்கு மூடியை அவள் கழற்றவில்லை. இருந்த இடத்திலேயே பொட்டு வைத்தாள்.