இடப்பக்கத்துக் கீறல்கள்

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மதுரையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கட்டு அவுத்தாச்சு மதினி. அண்ணன் இப்ப செவுத்துக் காலண்டர்ல ராகுகாலம், எமகண்டமெல்லாம் படிக்கிறாக. டாக்டர் சட்டையில ஒரு பொத்தான் நூல் பிரிஞ்சு தொங்குதுன்னு அவருகிட்டயே சொல்லிட்டாகன்னா பாத்துக்கங்களேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாறேன்."

"நல்லது தம்பி, நல்லது" என்று சொல்லிப் போனை வைத்தவள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இனி எல்லாத்தையும் பாத்துருவாகளே" என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்பா என்றால் பயம். கை நீட்ட மாட்டார். ஆனால் சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டு வாசல் வரை பறக்கும். அதன்பின் நாள் கணக்கில் வீட்டில் சாப்பிட மாட்டார், பேச மாட்டார். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பேன். தனியார் பள்ளியில் டீச்சராகி, பிள்ளைகளை நானே அதட்ட ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவர் கண்ணில் புரை விழுந்த பிறகுதான் வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. இடது கண்ணில் அது முற்றிப் போயிருந்தது, வலது கண்ணில் ஆரம்பம் என்று ஆபரேஷனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஒட்டடை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கரி பிடித்த பாத்திரம் தெரியவில்லை. அம்மா பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அந்தக் கண் வேண்டாம் என்று நாங்கள் நினைத்ததில்லை. ஆனால் அது இல்லாத வீட்டில் வாழப் பழகிவிட்டோம்.

எங்களை அதிகம் பயமுறுத்தியது கார். எங்கள் ஊரான கம்பத்தில் தோட்டத்துத் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம் அப்பா வாங்கிய கறுப்புக் கார் அது. வந்த புதிதில் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அவரே கழுவுவார், அவரே துடைப்பார், எங்களைத் தொட விட மாட்டார். பார்வை மங்கிய பிறகுதான், "தொடச்சு வைங்கடி" என்று வேலையை எங்களிடம் விட்டார். ஓட்டுவதை மட்டும் விடவில்லை, ரோடு நல்லாத் தெரியுது என்பார். அம்மாவுக்குத் தெரிந்த விதத்தில் அம்மா துடைத்தாள். செம்மண் தூசியைத் தண்ணீர் விடாமல் பழைய வேட்டித் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்தாள். காக்கை எச்சம் காய்ந்திருந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்தாள். சில நாள் நானும் அப்படித்தான் தேய்த்தேன்.

போன் வந்த மறுநாள் காலை, தகரக் கொட்டகையிலிருந்த காரைப் போய்ப் பார்த்தோம். ஓட்டை வழியே பானெட்டில் வெயில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினதுபோல மெல்லிய கோடுகள். நான் நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்தது. கார் முழுக்க அப்படித்தான் இருந்தது.

"கழுவுனா போயிருமா?"

"தொடச்சுத்தானம்மா வந்துருக்கு."

பள்ளிக்கூட வேனுக்குப் பெயின்ட் அடிப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். போன் செய்தேன். சனிக்கிழமை காலையில் பைக்கின் பின்னால் ஒரு பாலிஷ் மெஷினைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள், வாய் ஓயாது.

"இதெல்லாம் சும்மா டீச்சர். தேனியில எத்தன கார் பாத்துருக்கேன். கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட்டு. நீங்க கீறுனதெல்லாம் அதுலதான் இருக்கு. நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, தட்டுதா?"

தட்டவில்லை.

"அப்ப எடுத்துரலாம். மேலாப்புல லேசாத் தேச்சு மட்டமாக்கிட்டா கோடு இருந்த எடமே தெரியாது. ஆனா ரொம்பத் தேச்சா பூச்சு போயிரும். போச்சுன்னா போச்சு, மறுபடி பெயின்ட்தான்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரைக் கழுவித் துடைத்து, ஓரங்களிலும் ரப்பர்களிலும் பேப்பர் டேப் ஒட்டினார். வெள்ளைப் பசை ஒன்றைப் பானெட்டில் அங்கங்கே வைத்து, கம்பளி மாட்டிய மெஷினை ஓடவிட்டார். கொட்டகையே அதிர்ந்தது. ஓர் இடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனார். நின்றால் சூட்டில் பூச்சு வெந்துவிடுமாம். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பத் தலை திருப்பும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

முதல் சுற்று முடிந்து துடைத்ததும் கோடுகள் போயிருந்தன. ஆனால் கறுப்பு இல்லை. பால் கலந்ததுபோல மங்கலாக, சாம்பல் பூத்துக் கிடந்தது பானெட்.

"ஐயோ, வெளுத்துப் போச்சே" என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இது மொதப் பசை. இதுக்கு மேல நைஸ் பசை போட்டாத்தான் பளபளப்பு வரும். பொறுங்க" என்றார். ஆனால் அவர் நெற்றியும் வேர்த்திருந்தது. கறுப்புக் கார் செய்வது இதுதான் முதல் தடவையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

மெஷினில் பஞ்சு மாட்டி இரண்டாவது பசையை எடுக்கும்போது கரண்ட் போயிற்று. இரண்டாயிரத்து எட்டு அது. போன கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத வருஷம். மூவரும் ஆளுக்கொரு மெத்துத் துணியை எடுத்துக் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தோம். மெல்ல மெல்லக் கறுப்பு மேலே வந்தது.

அப்போதுதான் என் துணியில் கறுப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். பூச்சு போய்க் கலரே வந்துவிட்டது என்று நினைத்தேன். என்னையறியாமல் கத்திவிட்டேன். பெயின்டர் ஓடிவந்து துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "சன்னல் ரப்பர்ல டேப் பிரிஞ்சிருக்கு டீச்சர், அந்தக் கறுப்பு இது" என்று சொல்லிவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் சித்தப்பாவின் போன் வந்தது. "அண்ணன் நாளைக்கு வரை இருக்க மாட்டேன்னுட்டாக. பஸ் ஏறிட்டோம், உசிலம்பட்டி தாண்டியாச்சு."

மூவரும் இன்னும் வேகமாகத் தேய்த்தோம். ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர் என்று அந்த பஸ் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளையாகக் கரண்ட் வந்தது. பெயின்டர் மெஷினை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போனார். போனவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கம் மட்டும் எங்கன உரசுனீக?"

கதவுகளின் நீளத்துக்கு நேர்க்கோடுகள். வட்டம் இல்லை. முன்னாலிருந்து பின்னால் இழுத்த கோடுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். சுவர்ப் பக்கமாக நின்றதால் நாங்கள் சரியாகக் கவனித்ததில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் ஸ்கூட்டியை அந்தச் சந்தில் ஏற்றி இறக்குகிறவள். நான் அம்மாவைப் பார்த்தேன். விளக்குமாற்றைச் செருகி வைப்பது அவள்.

"மத்ததெல்லாம் போயிரும். பின் கதவுல இருக்குறது ஒண்ணு நகத்துல தட்டுது. அதத் தொட்டா கலர் போயிரும்" என்றார். அதை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்தார். மெழுகு போட்டுத் துடைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். அப்பா யார் என்று ஊரில் அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளில் இருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. சித்தப்பா பையை எடுப்பதற்குள், பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா இறங்கினார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார். எனக்குப் பின்னால் அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவர் பானெட்டைப் பார்க்கவே இல்லை. சுவருக்கும் காருக்கும் நடுவில் நுழைந்து, இடப்பக்கக் கதவில் விரலை வைத்தார். முன்னாலிருந்து பின்னால் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். பின் கதவில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மத்ததெல்லாம் எங்க?"

நான் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கேக்குறேன்ல? இங்கன இருந்த கோடெல்லாம் எங்க?"

"பெயின்டரக் கூப்புட்டு... பாலிஷ் போட்டோம்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்து எதை எடுத்து எறிவார் என்று அவர் கைகளையே பார்த்தேன்.

கழற்றிய கண்ணாடியின் காம்பை அவை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தன.

"அப்ப உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றார். "தெரிஞ்சுக்கிட்டேதான் பேசாம இருந்தீகளா?"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் காரில் சாய்ந்து நின்றுகொண்டு தானாகவே சொன்னார். இடது கண்ணில் ரொம்ப நாளாகவே ஒன்றும் தெரிந்ததில்லையாம். தோட்டத்துக்குப் போகும்போது வேலி முள்ளில் உரசுவதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு பட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பாராம். நாங்கள் பார்த்துவிட்டால் சாவியை வாங்கிவிடுவோம் என்று பயந்து, அந்தப் பக்கம் எப்போதும் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்துவாராம். அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பின் கதவுல இருக்குறது?" என்று சித்தப்பா கேட்டார்.

அப்பா அந்தக் கோட்டின் மேல் மறுபடியும் விரலை வைத்தார். "அது குமுளி மலையில பட்டது. வைகாசியில, ஒரு கல்யாணத்துக்குப் போறப்ப. மேல இருந்து ஜீப் ஒண்ணு வேகமா வந்துச்சு, ஒதுங்குனேன். இடப்பக்கம் தடுப்புச் சுவர் எங்க இருக்குன்னு தெரியல. கர்ருன்னு ஒரு சத்தம். அதுக்கு அங்கிட்டுப் பள்ளம். இவுக ரெண்டு பேரும் பின்னால பேசிக்கிட்டு வந்தாக."

எனக்கு அந்தப் பயணம் ஞாபகம் வந்தது. லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் ஏறும்போது சன்னல் வழியே கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, என்ன சேலை கட்டுவது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். கிளை உரசுகிறது என்று நினைத்தேன். அந்தக் கதவுக்குள் உட்கார்ந்திருந்தது நான்தான். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் சுருங்கிப் போய், வேறொரு பயம் வந்தது.

அம்மா சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"எம்புள்ளைய வச்சுக்கிட்டா?" என்றாள். "கண்ணு தெரியாம, எம்புள்ளைய வச்சுக்கிட்டா மலையேறுனீக?"

அவள் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தெருவே கேட்கும்படி கத்தினாள். அப்பா தலை குனிந்து நின்றார். சித்தப்பா இடையில் புகுந்து, "ஆபரேஷன் பண்ணுன கண்ணு மதினி, அழுக விடக்கூடாது" என்றதும்தான் அப்பா அழுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அம்மா கத்துவதை நிறுத்திவிட்டு, சொட்டு மருந்து எங்கே என்று பையைத் துழாவினாள்.

வலது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகும்வரை அவர் சாவியைத் தொடவில்லை. ஆன பிறகு ஓட்டினார், முன்னைவிட நிதானமாகவே ஓட்டினார். தட்டு பறப்பது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. ஆனால் குமுளிக்கு மட்டும் அம்மா அந்தக் காரில் ஏறவே இல்லை. அங்கே ஏதாவது விசேஷம் என்றால் பஸ்ஸில்தான் போனாள். அப்பா அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, பஸ் கிளம்பும்வரை கீழே நிற்பார். நான் சில தடவை அவளோடு போயிருக்கிறேன். சன்னல் சீட் கிடைத்தாலும் எனக்குக் கொடுக்க மாட்டாள். முதல் வளைவு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடிப்பாள். குமுளி செக்போஸ்ட் வரும்வரை விட மாட்டாள்.