சீட் பைப்பில் இருந்தது என் பஞ்சு

வரதன் அண்ணே, நீங்கள் பொய் சொன்னீர்கள். விசாரணை அறையில், அதிகாரிகள் முன்னால், என் முகத்தைப் பார்க்காமல், "இந்த ஆள் அந்த வண்டியை ஓட்டி நான் பார்த்ததே இல்லை" என்று சொன்னீர்கள். தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் கேட்டுக்குள் சைக்கிள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அந்த வண்டியை எடுத்து என் கையில் கொடுத்தவரும் நீங்கள்தான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்களுக்காக எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நான் இப்போது இங்கிலாந்தில் ஒரு இரும்பு வார்ப்பு ஃபாக்டரியில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் கேட்டுக்கு வந்தேன். யாரும் நிறுத்தவில்லை. நானாகவே இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. முதலில் வண்டியைத்தான் சோதிப்பார்கள் போல என்று நினைத்து, பையில் இருந்த ஸ்பானரால் சீட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். காவல் கூண்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த கிழவர் எழுந்து வந்தார். என் சீட் கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஸ்பானரை வாங்கி அவரே மாட்டி, முடுக்கி, ஆட்டிப் பார்த்து, முதுகில் தட்டி அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கவயலில் வேலை பார்த்த எவனுக்கும் வராது. அங்கே கேட்டில் வாயைத் திறந்து காட்டியிருக்கிறோம். சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறோம். சைக்கிள் வைத்திருந்தவன் கைப்பிடி ரப்பரை உருவிக் காட்டியிருக்கிறான். பொன் எந்த ஓட்டையில் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் எல்லா ஓட்டையும் சந்தேகம்.

கன்னியப்பனும் நானும் ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அடுத்தடுத்த லைன் வீட்டுக்காரர்கள். இருவருக்கும் அண்டர்கிரவுண்டில் பாறை சரியாமல் மரம் கட்டுகிற வேலை, ஆனால் எதிரெதிர் ஷிப்ட். இருவரும் சேர்ந்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினோம். காலை ஷிப்ட்காரன் விடியுமுன் அதில் போய் ஷெட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் நடந்து வீடு திரும்புவான். மத்தியான ஷிப்ட்காரன் நடந்து போய், இரவு அதில் வருவான். வெளிச்சத்தில் நடை, இருட்டில் சைக்கிள். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும். வண்டிக்கு ஷெட் டோக்கன் கன்னியப்பன் பேரில். ஒரு டோக்கனுக்கு ஒரு ஆள் என்பது விதி. ஆனால் எங்களைப் போல் ஓட்டியவர்கள் லைனுக்கு நாலு பேராவது இருப்பார்கள். எல்லாம் வரதன் அண்ணனுக்குத் தெரியும்.

"இன்னாபா, ஒரு பொண்டாட்டிக்கு ரெண்டு புருசனா?" என்று கேட்பார்.

"ரெண்டு பேரும் ஒழுங்கா கஞ்சி ஊத்தறோம் இல்ல, வுடு அண்ணே" என்பான் கன்னியப்பன். ஆளுக்கொரு பீடி அவருக்குப் போகும்.

கன்னியப்பன் நெட்டை. நான் குட்டை. அவன் எடுக்கும்போது சீட் ஏறும், நான் எடுக்கும்போது இறங்கும். இப்படி முடுக்கித் தளர்த்தி, முடுக்கித் தளர்த்தி, போல்ட்டின் மரை தேய்ந்து, சீட்டைச் செருகுகிற பைப்பின் வாய் அகன்றுவிட்டது. அது போதாதென்று எனக்கு ஒரு கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு சயனைடு மேட்டில் ஏறுவேன். மில்லில் பொன் எடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண் அங்கே மலைபோல் கிடக்கும். மழையில் அரித்து வாய்க்கால் வாய்க்காலாக இருக்கும். உச்சியில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விட்டுவிட்டு இறங்குவேன். அண்டர்கிரவுண்டில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவனுக்கு இறக்கம் என்றால் இருட்டும் புழுக்கமும்தான். இது அப்படியில்லை. காற்றடிக்கும், வானம் தெரியும். அதற்கு மேல் என்னால் விளக்க முடியாது.

"அது இன்னா வண்டி வுட்ற எடமாடா?" என்று கன்னியப்பன் திட்டுவான். "உளுந்தா பொதைக்கற செலவு மிச்சம், மண்ணு மேலயே கீது." திட்டினாலும் தடுத்ததில்லை. அவன் ஒருநாளும் மேட்டில் ஏறியவன் இல்லை. வண்டியை வேலைக்கு மட்டும்தான் எடுப்பான்.

அந்த மண் மாவு போல. செயினில் ஏறும், பெடல் கோனில் ஏறும், அகன்ற பைப் வாய் வழியாக இறங்கி அடியில் கிராங்கின் இரும்புக் குண்டுகளைத் தின்னும். திங்கட்கிழமை மிதித்தால் கறகறவென்று சத்தம் வரும். அந்த வாரம் காலை ஷிப்ட் கன்னியப்பனுக்கு என்றால் முதலில் அந்தச் சத்தம் அவனுக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, சீட் பைப்புக்குள் மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு ஒரு பிடியை எண்ணெயில் நனைத்துத் திணித்தேன். இனி மண் கீழே போகாது என்று சந்தோஷப்பட்டேன். கன்னியப்பனிடம் சொல்லக்கூட இல்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

அவன் மத்தியான ஷிப்ட் வாரத்தில் கேட்டில் சீட்டை உருவச் சொன்னார்கள். உருவினான். கம்பி விட்டுப் பார்த்தார்கள். பஞ்சு வந்தது. பஞ்சில் மினுமினுவென்று மண். இது என்ன என்று கேட்டதற்கு அவன் தெரியாது என்றான். தெரியாதுதானே.

மண்ணைச் சோதித்ததில் பொன் இல்லை. மேட்டு மண்ணில் ஏது பொன்? ஆனால் பொன் ஒளிக்க இடம் தயார் செய்திருக்கிறான் என்றார்கள். நான் விசாரணைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"வண்டி அவர் பேர்ல இருக்கு சார். ரெண்டு பேரும் ஓட்றோம். பஞ்சு நான் வெச்சது. மண்ணு நான் மேட்ல ஓட்னப்ப பூந்தது."

"மேட்டு மேல எதுக்கு சைக்கிள்?"

"எறங்கறதுக்கு சார்."

"எறங்கறதுக்காக ஏர்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வளர்ந்த ஆள், வேலை செய்து களைத்தவன், இறங்குவதற்காகவே வண்டியை மலைமேல் தள்ளுவான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. லைன்காரர்களைக் கேளுங்கள் என்றேன். அவர்கள் எல்லாம் உன் ஆட்கள் என்றார்கள். ஷெட் வரதனைக் கேளுங்கள் என்றேன். கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொன்னதைத்தான் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். சிநேகிதனைக் காப்பாற்ற வந்து கதை விடுகிறான் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

கன்னியப்பனை அண்டர்கிரவுண்டிலிருந்து எடுத்து, மேலே மரக்கிடங்கில் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். லைனில் அவனுக்குப் 'பைப்பு' என்று பேர் வந்தது. வண்டியை என் வாசலில் சாத்திவிட்டு, "எனக்கு வாணாண்டா, நீயே வெச்சிக்கோ" என்றான். அதன் பிறகு நடந்தே போனான். எனக்கு மானம் இருந்திருந்தால் அந்த வண்டியை உடைத்துப் போட்டிருக்க வேண்டும். நான் ஓட்டினேன். அதே வண்டிக்கு என் பேரில் புது டோக்கன் போட்டுக் கொடுத்தீர்களே அண்ணே, அப்போதாவது என் முகத்தைப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

பிறகு இங்கே இருந்த மச்சான் கூப்பிட்டார், வந்துவிட்டேன். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்களில் கன்னியப்பனும் ஒருவன். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே என் ஃபாக்டரி ஆட்கள் சிலர் ஞாயிறுதோறும் சைக்கிளை மலைமேல் தள்ளுகிறார்கள். சாலையில் இல்லை, ஆட்டுப் பாதையில், பழைய ஈயச் சுரங்கத்து மண்மேடுகளில். ஏறுவது இறங்குவதற்காக. எவரும் ஏன் என்று கேட்பதில்லை. நானும் போகிறேன். என்னிடம் நல்ல வண்டி இருக்கிறது, எனக்கு மட்டுமே ஆன வண்டி. வாரம் தவறாமல் கழுவித் துடைக்கிறேன். அதன் சீட்டை எவனும் ஏற்றுவதில்லை. இறக்கத்தில் காற்றடிக்கும்போது பழைய சந்தோஷம் வருகிறது. வந்த உடனே, இது யார் செலவில் என்று கேள்வியும் வருகிறது.

போன மாதம் ஒரு மேட்டடியில் நின்றிருந்தோம். ஃபிராங்க் என்கிற ஃபிட்டர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி உள்ளே இறங்குமே, சீட் பைப்பில் எண்ணெய்த் துணி திணிக்கவில்லையா? எல்லோரும் செய்வதுதானே" என்றார். தன் சீட்டை உருவிக் காட்டினார். உள்ளே கந்தல் துணி. எண்ணெய் மினுமினுப்பு. அதையே பார்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஏறிய களைப்பு என்று நினைத்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இதற்காக ஒரு ஆளின் பேர் போயிற்று என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். துணி வைக்காததால் வண்டி கெட்டுப் போயிற்று என்று புரிந்துகொண்டு, "அதுதான், அதுதான்" என்று தலையாட்டினார்.

இதை எழுத வைத்தது அது மட்டும் இல்லை. என் தங்கை எழுதியிருக்கிறாள்: கன்னியப்பனின் பெரிய மகன் ஷாஃப்டில் வேலை கேட்டுப் போனானாம். "பைப்பு மவனா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வா என்றார்களாம். அப்பன் திருடாத பொன்னுக்குப் பிள்ளை பதில் சொல்கிறான். வரதன் அண்ணன் இந்த வருஷம் ரிட்டயர் ஆகிறார், லைன்காரர்கள் ஊரிகத்தில் கூட்டம் வைத்து மாலை போடப் போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாள்.

அண்ணே, நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு டோக்கனில் இருவரை விட்டது தெரிந்தால் உங்கள் வேலை போயிருக்கும். உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அன்று பயந்தீர்கள், சரி. இன்று அவர்கள் பறிக்க உங்களிடம் வேலை இல்லை. எனக்குத் தனியாகக் கடிதம் போடாதீர்கள், நான் பிரிக்க மாட்டேன். கன்னியப்பன் வீட்டுக்கு இருட்டில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். கூட்டம் நடக்கிற சாயங்காலம் எனக்கு இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். உடம்பு கேண்டீன் பெஞ்சில் இருக்கும், காது உங்கள் கூட்டத்தில் இருக்கும். மாலை போட்ட பிறகு மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். அந்த வண்டியை என் கையில் கொடுத்தீர்களா, இல்லையா? அந்த மைக்கில் பதில் சொல்லுங்கள்.